சூட்டின் நிறமும் உலோகத்தின் நிறமும்

கொல்லுப்பட்டறை பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும். கூரையைத் தாழ இறக்கியிருப்பார்கள். வெயில் நேராக உலைமேல் விழாதபடி தட்டி கட்டியிருப்பார்கள். வசதிக் குறைவு என்று வெளியாளுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த இருட்டு தொழிலுக்குத் தேவையானது. குறட்டில் பிடித்து வெளியே எடுத்த இரும்பு என்ன சிவப்பில் இருக்கிறது என்று பார்த்துத்தான், இப்போது அடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் துருத்தி ஊத வேண்டுமா, தண்ணீரில் தோய்க்கலாமா என்று கொல்லர் முடிவெடுக்கிறார். பட்டறை இருட்டில் 700 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சிவந்து ஒளிரும் இரும்பை நண்பகல் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் வெறும் கறுப்பு இரும்பாகத் தெரியும். அதன் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி, அந்தச் சூட்டில் இரும்பு தானாக வெளியிடும் ஒளியைவிட நூறு மடங்குக்கும் அதிகம். சூடு இருக்கிறது, ஒளியும் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் எட்டுவதில்லை.

கண்ணால் சூட்டை அளக்கும் இந்தப் பழக்கத்துக்கு அடியில் இயற்பியலின் மிக ஆழமான விதிகளுள் ஒன்று இருக்கிறது. இரும்பு காட்டும் அந்தச் சிவப்பு இரும்புக்குச் சொந்தமானதில்லை. அதே உலையில் பிளாட்டினத் துண்டையும் செங்கல்லையும் கரித்துண்டையும் வைத்துப் பாருங்கள். ஒரே சூட்டை எட்டும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே சிவப்பில் நிற்கும். முழுக்கச் சூடேறிய சூளைக்குள் எட்டிப் பார்த்தால், உள்ளே அடுக்கியிருக்கும் பாண்டங்களின் விளிம்பே தெரியாது. எல்லாம் ஒரே ஒளியாகக் கரைந்திருக்கும். பீங்கான் தொழிலில் பெயர்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட், வெவ்வேறு பொருள்கள் ஒரே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்று 1792-இல் எழுதினார். சூளைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஒருவர் கண்ணில் இது முதலில் பட்டது பொருத்தமானதே.

அந்தத் தொடக்கப் புள்ளி எது என்று அளந்து சொன்னவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் வில்லியம் டிரேப்பர். நிலவைப் படம்பிடித்த முதல் சிலருள் ஒருவர். ஒளி அவருக்கு வாழ்நாள் முழுதும் பிடித்த பொருள். பிளாட்டினப் பட்டை ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி, இருட்டறையில் உட்கார்ந்து, அது முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும் கணத்தைக் குறித்தார். 1847-இல் அவர் வெளியிட்ட மதிப்பு இன்றைய அளவில் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ். துப்பாக்கிக் குழல் ஒன்றுக்குள் பல பொருள்களை வைத்துச் சூடேற்றியும் பார்த்தார். குழலோடு சேர்ந்தே அவையும் ஒளிரத் தொடங்கின. இன்றும் இந்த வெப்பநிலை டிரேப்பர் புள்ளி என்றே வழங்குகிறது. கண்ணை நெடுநேரம் இருட்டுக்குப் பழக்கினால் இதற்கும் கீழே, 400 டிகிரியை ஒட்டியே, நிறமற்ற சாம்பல் ஒளி ஒன்று மங்கலாகத் தெரியும். நிறம் பிரித்தறியாத, மங்கிய ஒளியில் மட்டும் வேலைசெய்யும் கண்ணின் செல்கள் அதைப் பிடித்துவிடுகின்றன. சிவப்பு அதற்குப் பிறகுதான்.

ஏன் சிவப்பு முதலில் வருகிறது? எந்தப் பொருளும் எந்தச் சூட்டிலும் கதிர்வீசாமல் இருப்பதில்லை. உலோகத்துக்குள் அணுக்கள் நின்ற இடத்தில் அதிர்கின்றன. அவற்றுக்கிடையே எலெக்ட்ரான்கள் முட்டி மோதித் திரிகின்றன. மின்னூட்டம் கொண்ட எதுவும் வேகம் மாறும்போது கதிர்வீசும். சூடு என்பதே இந்த ஓயாத அசைவு என்பதால், சூடு இருக்கும் வரை கதிர்வீச்சும் இருக்கும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடலும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் உச்சம் 9 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. நம் கண் பார்ப்பதோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். சூடு ஏற ஏற இந்த உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் 1893-இல் விதியாக்கினார். டிரேப்பர் புள்ளியில்கூட உச்சம் 3.6 மைக்ரானில், கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்புக்குள் கிடக்கிறது. நமக்குத் தெரியும் மங்கல் சிவப்பு அந்தப் பெருங்கதிர்வீச்சின் ஒரு நுனி மட்டுமே. காணக்கூடிய நிறங்களில் சிவப்பின் அலைநீளம்தான் மிக நீளமானது. உச்சத்துக்கு அதுவே அருகில் இருப்பதால் அதுவே முதலில் எட்டிப் பார்க்கிறது.

அந்த நுனி வளரும் வேகம் வியப்பூட்டுவது. ஒரு பொருளை 727 டிகிரியிலிருந்து 827 டிகிரிக்கு ஏற்றினால், அது வீசும் மொத்த ஆற்றல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அதற்குள் சிவப்பு ஒளி மட்டும் ஏழு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. நீல ஒளி 18 மடங்கு பெருகுகிறது. கொல்லரின் கண் ஐம்பது டிகிரி வித்தியாசத்தைக்கூடத் தவறவிடாமல் பிடிப்பது இதனால்தான். வெப்பநிலையில் ஒரு சிறு படி, கண்ணுக்கு ஒரு பெரிய தாவல். நீலம் சிவப்பைவிட வேகமாக வளர்வதால் நிறமும் கூடவே மாறுகிறது. 600-க்கு மேல் ரத்தச் சிவப்பு, 750 முதல் 800-ஐ ஒட்டிப் பளிச்சென்ற சிவப்பு, 900-ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 1,100-இல் மஞ்சள், 1,300-க்கு மேல் வெள்ளை. இந்த எண்கள் பட்டறையின் வெளிச்சத்தையும் பார்ப்பவர் கண்ணையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாகும். வரிசை மட்டும் மாறாது.

பலர் இதோடு வேறொரு நிறவரிசையைக் குழப்பிக்கொள்கிறார்கள். மெருகிட்ட எஃகை மெதுவாகச் சூடேற்றினால் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், ஊதாவும், 300-ஐ நெருங்கும்போது நீலமும் அதன்மேல் படரும். உளிக்கும் அரிவாளுக்கும் பதம் பார்க்க உதவும் நிறங்கள் இவை. இங்கே உலோகம் ஒளிரவில்லை. மேற்பரப்பில் படியும் மிக மெல்லிய ஆக்சைடு ஏட்டில் வெளி ஒளி மேலும் கீழுமாகப் பட்டுத் திரும்பிக் குறுக்கிடுவதால் தோன்றும் நிறங்கள். அணைத்துக் குளிர்வித்த பிறகும் அப்படியே இருக்கும்.

வெள்ளையாகக் காய்ந்த இரும்பு என்கிறோம். ஆனால் இரும்பு 1,538 டிகிரியில் உருகும்போதும் அதன் கதிர்வீச்சு உச்சம் 1.6 மைக்ரானில், அகச்சிவப்புக்குள்ளேயே இருக்கிறது. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது டங்ஸ்டன். 3,422 டிகிரி வரை திடமாக நிற்கும். அந்தக் கடைசிக் கணத்திலும் அதன் உச்சம் 0.78 மைக்ரான், கண்ணின் எல்லைக்கு மயிரிழை வெளியே. ஆக, பூமியின் மேற்பரப்பில் எந்தத் திட உலோகத்தையும், அதன் கதிர்வீச்சின் பெரும்பகுதி வெளிச்சமாக வரும் அளவுக்குச் சூடேற்ற முடியாது. அதற்குள் உருகிவிடும். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட வெளிச்சமாக்காமல் மீதியை வெறும் சூடாகக் கொட்டியதற்குக் காரணம் செய்தவர்களின் திறமைக் குறைவு இல்லை. உலோகம் என்ற பொருளின் எல்லையே அதுதான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் கூலிட்ஜ் 1910-ஐ ஒட்டி, நொறுங்கும் டங்ஸ்டனை நூலாக இழுக்கும் வழி கண்டார். அதே நிறுவனத்தின் இர்விங் லாங்மியூர், இழையைச் சுருளாக்கி, பல்புக்குள் மந்த வாயு நிரப்பி, டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படிவதைக் குறைத்தார். அத்தனைக்குப் பிறகும் இழையை 2,500 டிகிரியை ஒட்டித்தான் நிறுத்தி வைக்க முடிந்தது.

பல்பைப் பற்றிய இந்தக் கவலைதான் இயற்பியலையே திருப்பிப்போட்டது. பெர்லின் அருகே சார்லட்டன்பர்க்கில் 1887-இல் தொடங்கிய ஜெர்மன் அரசின் அளவை ஆய்வகத்துக்கு, எரிவாயு விளக்கையும் மின்விளக்கையும் ஒப்பிட நம்பகமான ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. சூடான பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு வீசுகிறது என்று லும்மர், பிரிங்ஷைம், ரூபென்ஸ், குர்ல்பாம் ஆகியோர் அங்கே ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். வீன் தந்திருந்த சூத்திரம் நீண்ட அகச்சிவப்பு அலைகளில் பிசகியது. 1900 அக்டோபரில் மாக்ஸ் பிளாங்க் அளவுகளோடு அச்சாகப் பொருந்தும் வேறு சூத்திரத்தை முன்வைத்தார். ஏன் பொருந்துகிறது என்று தேடியவர், ஆற்றல் தொடர்ச்சியாக ஓடாமல் துணுக்குத் துணுக்காகவே கைமாறுகிறது என்ற முடிவுக்கு டிசம்பர் 14-க்குள் தள்ளப்பட்டார். குவாண்டம் கொள்கையின் பிறந்தநாளாகப் பலர் குறிப்பது அந்தத் தேதியைத்தான். சிவந்த இரும்பு ஏன் நீலமாக ஒளிரவில்லை என்ற கேள்விக்கு முழு விடை அங்கேதான் இருக்கிறது: நீல ஒளியின் ஒரு துணுக்குக்கு வேண்டிய ஆற்றல் பெரிது, மிதமான சூட்டில் அவ்வளவு ஆற்றலை ஓரிடத்தில் சேர்ப்பது அரிதிலும் அரிது.

*

இதுவரை சூட்டின் நிறத்தைப் பற்றியே சொன்னேன். உலோகம் பெயரற்றுப் போய், வெப்பநிலை மட்டுமே பேசுவதுபோல் தோன்றும். அது முழு உண்மையாகாது. தன் மேல் படும் எல்லாக் கதிரையும் விழுங்கும் 'கரும்பொருள்' என்ற இலட்சியப் பொருளுக்குத்தான் அந்த விதி அப்படியே பொருந்தும். நிஜ உலோகங்கள் அதிலிருந்து விலகுகின்றன. அந்த விலகல்களில்தான் ஒவ்வோர் உலோகத்தின் சுபாவமும் வெளிப்படுகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பால்ஃபர் ஸ்டுவர்ட் ஒரு சோதனையை விவரித்தார். வெள்ளைப் பரப்பில் கறுப்புப் பூவேலை செய்த பீங்கான் துண்டு ஒன்றை நெருப்பில் நன்றாகக் காயவிட்டு, சட்டென்று இருட்டறைக்கு எடுத்துவர வேண்டும். படம் தலைகீழாகிவிடும்: கறுப்பாக இருந்த பூ பளிச்சென்று ஒளிரும், வெள்ளையாக இருந்த பரப்பு மங்கிக் கிடக்கும். எது நன்றாக விழுங்குகிறதோ அது நன்றாக வீசும். எது ஒளியைத் திருப்பி அனுப்புகிறதோ அது சூட்டிலும் கஞ்சத்தனமாகவே வீசும். 1859-இல் குஸ்தாவ் கிர்க்கோஃப் இதைக் கணித விதியாக நிறுவினார்.

உலோகங்கள் இயல்பாகவே கண்ணாடி போலப் பளபளப்பவை. அவற்றில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள், வந்து விழும் ஒளியை உடனே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எனவே கிர்க்கோஃப் விதிப்படி, தூய்மையான உலோகம் சூட்டில் மங்கலாக ஒளிர வேண்டும். அப்படியே நடக்கிறது. இரும்பு உலையில் சிவக்கச் சிவக்க ஒளிர்வதற்கு அதன்மேல் படியும் கறுத்த ஆக்சைடுச் செதில்தான் பெருமளவு காரணம். கரும்பொருள் வீசுவதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை அந்தச் செதில் வீசிவிடும். மெருகேறிய வெள்ளியோ நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் வீசும்.

எஃகு ஆலைகளில் இது அன்றாட விஷயம். கொப்பரையில் உருகிய எஃகும் அதன்மேல் மிதக்கும் கசடும் ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆனால் கசடு பளிச்சென்று தெரியும், எஃகு அதைவிட மங்கலாகத் தெரியும். உருகிய எஃகின் பரப்பு கண்ணாடி போல வழவழப்பானது. எஃகை வடிக்கும்போது தாரை எப்போது எஃகிலிருந்து கசடாக மாறுகிறது என்பதைப் பழுத்த தொழிலாளிகள் இந்தப் பிரகாச வேறுபாட்டை வைத்தே கண்டுகொள்வார்கள். இப்போது அதே வேலையை அகச்சிவப்புக் காமிராக்கள் செய்கின்றன. அவையும் பார்ப்பது வெப்பநிலை வேறுபாட்டை அன்று, வீசும் திறனின் வேறுபாட்டை.

அலுமினிய வார்ப்படக் கூடங்களில் இந்தக் கஞ்சத்தனம் ஆபத்தாகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. ஒளிரத் தொடங்கும் புள்ளியைத் தாண்டிய சூடுதான். ஆனாலும் வெளிச்சமான கூடத்தில் அது சிவப்பாகத் தெரியாது. வெள்ளித் தகடு போல அமைதியாகக் கிடக்கும். சூடேற்றும்போதும் இரும்பைப் போல நிறம் மாறி எச்சரிக்காது. திடமாகக் கிடந்தது திடீரென்று தளர்ந்து சரியும். உருகிய பாத்திரத்தையும் ஆறிய பாத்திரத்தையும் கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் இன்னும் கீழே, 327 டிகிரியிலும் 232 டிகிரியிலும் உருகிவிடுவதால், ஒளிர்வு என்ற பேச்சே இல்லாமல் நீர்மமாகின்றன.

பொன்னும் செம்பும் செய்வது வேறு. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பும் வெள்ளியைப் போலன்றி, இவை சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்பிவிட்டு, பச்சை, நீலப் பகுதியை விழுங்குகின்றன. நாம் காணும் பொன்னிறமும் செந்நிறமும் அதனால்தான். கிர்க்கோஃப் விதியை இங்கே வைத்துப் பார்த்தால் விடை கைக்கு வந்துவிடும்: எதை விழுங்குகிறதோ அதை நன்றாக வீசும். ஆகவே உருகிய செம்பும் பொன்னும், மங்கிய வெளிச்சத்தில், ஒளிரும் போது பச்சைச் சாயை காட்டுகின்றன. மூசையில் 1,064 டிகிரியைத் தாண்டி உருகிய தங்கத்தைப் பொறுமையாகக் கவனித்த பொற்கொல்லர்களுக்கு இது தெரிந்த காட்சி. மஞ்சள் உலோகம், செம்மஞ்சளாக ஒளிர வேண்டிய சூட்டில், பச்சையை நோக்கிச் சாய்கிறது. சூட்டின் பொதுநிறத்தைத் தாண்டி உலோகத்தின் தனிநிறம் அங்கே வெளியே வந்து நிற்கிறது.

வெள்ளிக்கு வேறொரு சுபாவம் உண்டு. உருகிய வெள்ளி தன் பருமனைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு ஆக்சிஜனைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அவ்வளவையும் வெளியே தள்ளியாக வேண்டும். உறைந்துகொண்டிருக்கும் மேல்தோலைப் பிளந்து வெள்ளித் துளிகள் தெறிக்கும். நல்ல வார்ப்பு வேண்டுமானால் கரித்தூள் தூவிக் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

*

இரும்பின் கதை இவை எல்லாவற்றையும்விட நீளமானது. மற்ற உலோகங்கள் பலவும் சூடேறினால் தளர்ந்து, பிறகு உருகுகின்றன. இரும்போ உருகுவதற்கு முன் தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்கிறது. அதன் வெளி அடையாளங்களைக் கண்ணால் பார்க்கலாம்.

770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். சிவந்த இரும்பை ஒரு காந்தத்தருகே கொண்டுபோய், ஒட்டுகிறதா என்று பார்ப்பது இன்றும் பல பட்டறைகளில் உள்ள எளிய சோதனை. இந்த மாற்றத்தைத் துல்லியமாக ஆராய்ந்த பியர் கியூரியின் பெயர் அந்தப் புள்ளிக்கு இருக்கிறது. 912 டிகிரியில் நடப்பது அதைவிடப் பெரிது. அதுவரை கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் நின்ற அணுக்கள், மூலைகளுக்கும் முகங்களுக்கும் இடம்பெயர்கின்றன. புதிய அடுக்கு நெருக்கமானது. எனவே இரும்பு அந்தக் கணத்தில் சுருங்குகிறது. சூடேறும் பொருள் விரிய வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம்; இங்கே சூடு ஏறும்போதே அது சுருங்குகிறது. இரண்டு தூண்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய மெல்லிய இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால், கம்பி விரிந்து தொய்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் சட்டென்று மேலே ஏறும். பிறகு மறுபடி தொய்யும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்து காட்டலாம். ஒவ்வொரு பள்ளியிலும் செய்து காட்ட வேண்டும் என்றே சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் இடமாற்றத்தைக் கண்ணெதிரே காட்டும் சோதனைகள் அதிகம் இல்லை.

ஆறும்போது காட்சி இன்னும் அழகு. 1869-இல் ஜார்ஜ் கோர் என்ற ஆங்கிலேயர், ஆறிச் சுருங்கிவரும் கம்பி நடுவில் ஒரு கணம் நீள்வதைக் கண்டார். 1873-இல் வில்லியம் பாரெட் அதே சோதனையை இருட்டறையில் திரும்பச் செய்தபோது, மங்கிக்கொண்டே வந்த எஃகுக் கம்பி திடீரென்று மறுபடி பிரகாசமாவதைப் பார்த்தார். வெளியிலிருந்து யாரும் சூடு தரவில்லை. அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பும்போது, மாறியபோது வாங்கி வைத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. அந்த வெப்பமே கம்பியைத் தானாகச் சூடேற்றுகிறது. கார்பன் கலந்த எஃகில் இது 700 டிகிரியை ஒட்டி நடக்கும். அந்தச் சூட்டில் ஒளி எவ்வளவு வேகமாக வெப்பநிலையோடு பெருகும் என்று முன்பே பார்த்தோம். சில டிகிரி ஏற்றமே கண்ணுக்கு ஓர் ஒளி அலையாகத் தெரிந்துவிடுகிறது.

சிவந்த எஃகைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கும் துவைச்சலின் இரகசியமும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. மேல்சூட்டு அடுக்கில் அணுக்களின் இடைவெளி கார்பனை ஏற்கும் வடிவில் இருப்பதால் அது நூற்றில் இரண்டு பங்கு வரை கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கீழ்ச்சூட்டு அடுக்கோ 0.02 பங்குக்கு மேல் ஏற்காது. மெதுவாக ஆறவிட்டால் கார்பனுக்கு வெளியேறி, இரும்போடு சேர்ந்து தனிப் படலங்களாக அமர நேரம் கிடைக்கும், எஃகு மிருதுவாகும். சிவந்த நிலையிலேயே தண்ணீரில் தோய்த்தால் அந்த நேரம் கிடைக்காது. கார்பன் உள்ளேயே சிக்கி, அடுக்கை இழுத்துக் கோணலாக்கி இறுக்கிவிடும். அரிவாளின் விளிம்பு கடினமாவது அந்த இறுக்கத்தால். எனவே தோய்க்கும் கணத்தில் இரும்பு எந்தச் சிவப்பில் இருந்தது என்பதே எல்லாம். 700-க்குக் கீழே போயிருந்தால் துவைச்சல் பலிக்காது; மிக அதிகமாகக் காய்ந்திருந்தால் படிகங்கள் பருத்து, விளிம்பு சில்லுச் சில்லாக உடையும்.

சிவப்பின் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு எஃகே சாட்சி. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவலூரிலும் மூசையில் எஃகு காய்ச்சியதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, மண்ணால் வாய்கட்டி, மணிக்கணக்கில் ஊதிக் காய்ச்சும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் எழுதி வைத்தார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குக் கார்பன் தரும். அப்படி வந்த எஃகில் கார்பன் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை ஒட்டி இருந்தது. 1790-களில் இந்தக் கட்டிகள் லண்டனுக்குப் போயின. ஐரோப்பியக் கொல்லர்கள் பழகியது கார்பன் குறைந்த தேனிரும்பு. அதை வெள்ளையாகக் காயவைத்தே அடிப்பார்கள். அதே சூட்டில் இந்த எஃகை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் தூள்தூளாக உதிர்ந்தது. கார்பன் கூடக்கூட எஃகு உருகத் தொடங்கும் சூடு இறங்கிவிடும். 1,200 டிகிரியைச் சற்றுத் தாண்டும்போதே படிகங்களின் எல்லைகள் இளகத் தொடங்கும். பாஸ்பரஸ் இருந்தால் இன்னும் கீழேயே. வெளியே முழு உருவத்தோடு நிற்கும் கட்டி, உள்ளே ஒட்டுவிட்டுப் போயிருக்கும்.

லண்டனில் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதைப் புரிந்துகொண்டவர்களுள் ஒருவர். இருட்டில் மட்டுமே கண்ணுக்குப் படும் மங்கிய சூட்டில் வைத்து அடித்து, இந்த எஃகில் அவர் ஒரு சிறு கத்தி செய்தார். அது மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு இணையாக வெட்டியது. பின்னால், கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அவர் இந்த எஃகை ஆராய்ந்தார். நம் ஊர்க் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணிலேயே வைத்திருந்த அறிவு அது: இந்த எஃகுக்கு இந்தச் சிவப்பு போதும், இதற்குமேல் கூடாது.

*

கண்ணை அளவுகோலாக நம்பினால் ஆளுக்கு ஆள் மாறும். 1901-இல் ஹோல்பார்ன் என்பவரும் முன்பு சொன்ன குர்ல்பாமும் அமைத்த கருவி இதற்கு அழகான தீர்வு. தொலைநோக்கிக்குள் ஒரு சிறு விளக்கிழை. அதன் வழியாக உலையைப் பார்த்தபடி இழைக்குத் தரும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இழை உலையைவிடக் குளிர்ந்திருந்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். சூடாக இருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். இரண்டும் ஒன்றானால் மறைந்துவிடும். சூளைக்குள் பாண்டங்களின் விளிம்பு மறையும் அதே காட்சிதான் இங்கே கருவியாகியிருக்கிறது. பார்ப்பவர் நிறத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இழை மறைந்ததா இல்லையா என்று சொன்னால் போதும்.

ஒளியிலிருந்து சூட்டைப் படிக்கும் இந்த வழி இன்று பூமியின் மையத்தைப் பற்றிப் பேச உதவுகிறது. அங்கே 5,000 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இரும்பு திடமாக இருக்கிறது. அழுத்தம் மேற்பரப்புக் காற்றழுத்தத்தைப்போல் 30 லட்சம் மடங்குக்கும் மேல். இரண்டு வைரங்களின் நுனிகளுக்கிடையே தூசியளவு இரும்பை நசுக்கி, லேசரால் சூடேற்றி, வைரத்தினூடே வெளிவரும் ஒளியின் நிறப்பகுப்பைப் படித்து அதன் வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். பிரான்சின் கிரனோபிளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, உள்மையத்தின் எல்லையில் இரும்பின் உருகுநிலை 6,230 கெல்வின், 500 முன்பின்னாக, என்று மதிப்பிட்டது. சூரியனின் மேற்பரப்புக்கு இணையான சூடு. டங்ஸ்டனால் மேற்பரப்பில் எட்ட முடியாத எல்லையை அழுத்தத்தின் துணையால் இரும்பு அங்கே தாண்டுகிறது. அதன் கதிர்வீச்சு உச்சம் காணக்கூடிய நிறங்களுக்குள்ளேயே விழும்.

அவ்வளவு அழுத்தம் இல்லாத மேற்பரப்பில் கதை வேறு பக்கம் போகிறது. 2,862 டிகிரியில் இரும்பு கொதித்து ஆவியாகிவிடும். அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியதும், எல்லா நிறமும் கலந்த தொடர் ஒளி போய், ஒவ்வோர் அணுவும் தனக்கே உரிய சில நிறங்களில் மட்டும் கூர்மையான கோடுகளாக ஒளிவிடும். சூடு மட்டுமே பேசிய இடத்தில் இப்போது தனிமம் தன் பெயரைச் சொல்கிறது.

1869 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் தனித்தனியே சூரியனின் வெளிவளையமான கொரோனாவில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். முதலில் அது இரும்பின் கோடு ஒன்றோடு ஒட்டி நிற்பதாகத் தோன்றியது; துல்லியமாக அளந்தபோது பொருந்தவில்லை. பூமியில் இல்லாத புதிய தனிமம் என்று கருதி, கொரோனியம் என்று பெயரும் வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் அது புதிராகவே இருந்தது. 1939-இல் ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியன் வேறு சில கொரோனாக் கோடுகளுக்குக் காரணம் கண்டு வழிகாட்ட, அடுத்த சில ஆண்டுகளில் சுவீடனின் பெங்ட் எட்லென் பச்சைக் கோட்டின் சொந்தக்காரரையும் கண்டுபிடித்தார். இரும்பேதான். தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐ இழந்த இரும்பு. அத்தனையைப் பிடுங்க ஏறத்தாழ 20 லட்சம் டிகிரி வேண்டும். 6,000 டிகிரிக்கும் குறைந்த மேற்பரப்புக்கு மேலே இவ்வளவு சூடான வளிமண்டலம் எப்படி நிலைக்கிறது என்ற கேள்வியை அந்த ஒற்றைக் கோடு எழுப்பியது. இன்றும் முழு விடை கிடைக்கவில்லை. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில், பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் மையம் உருவாக்கிய கருவி, சூரிய வட்டை மறைத்துவிட்டு அதே 530.3 நானோமீட்டர் பச்சையில் இரும்பின் ஒளியைப் பதிவு செய்கிறது.